அன்னை திறந்து வைத்த பள்ளி

காமார்புகூரில் ஒருநாள் அன்னை ஸ்ரீசாரதாதேவியாரின் கையிலிருந்து ஒரு சிறு புத்தகம் பிடுங்கப்பட்டது. வங்கக் குழந்தைகளுக்காக ஈசுவர சந்திர வித்யாசாகர் 1855-இல் எழுதிய ‘வர்ண பரிசயம்’ என்னும் அரிச்சுவடி அது. பிடுங்கியவர் குருதேவரின் மருமகன் ஹிருதயர். பெண்கள் படிக்கலாகாது, படித்தால் நாளை நாவல் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவரது வாதம். உடன் படித்துக்கொண்டிருந்த குருதேவரின் அண்ணன் மகள் லட்சுமி மட்டும் தன் புத்தகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் அந்த வீட்டுப் பெண். அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை. அன்னையோ வீட்டிற்கு வந்த மருமகள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஓர் அணா கொடுத்து இரகசியமாக வேறொரு பிரதியை வாங்கிக்கொண்டார். லட்சுமி பாடசாலைக்குச் சென்று படித்துவிட்டு வருவாள். வீடு திரும்பியதும் அதையே அன்னைக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

பின்னர் தட்சிணேசுவரத்தில் அன்னைக்கு இன்னோர் ஆசிரியை கிடைத்தாள். கங்கையில் நீராட வரும் ஒரு சிறுமி அன்னையுடன் சிறிதுநேரம் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்துச் செல்வாள். தோட்டத்திலிருந்து தமக்கு வரும் கீரையையும் காய்கறிகளையும் அன்னை அவளுக்குக் கொடுத்தனுப்புவார். குருதட்சிணை அது. இவ்வாறு கற்ற அன்னை இராமாயணம் படிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். எழுதும் பழக்கம் மட்டும் வரவில்லை. மொழிபெயர்ப்புப் பணியின்பொருட்டு இப்பகுதியைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஓர் அணாவில் வந்து மனம் நின்றுவிடுகிறது.

சாஸ்திரங்களில் ‘அதிகாரம்’ என்றொரு சொல் உண்டு. ஒரு வித்தையைப் பெறுவதற்கு ஒருவருக்குள்ள தகுதியை அது குறிக்கும். வேதாந்தம் அத்தகுதியை விவேகம், வைராக்கியம், கற்கும் வேட்கை ஆகியவற்றில் வைத்தது. சமுதாயம் அதைப் பிறப்பிலும் பாலிலும் வைத்தது. ஜனகரின் சபையில் எழுந்து நின்று யாக்ஞவல்கியரை வினவிய கார்கியைப் போற்றும் நாட்டில்தான் ஓர் அரிச்சுவடி பிடுங்கப்பட்டது. வேட்கையே தகுதி என்றால் அன்னையைவிடச் சிறந்த அதிகாரி யார்?

1898-ஆம் ஆண்டு நவம்பர் 13, காளிபூஜை நாள். கல்கத்தாவின் வடபகுதியான பாக்பஜாரில், போஸ்பாரா சந்து 16-ஆம் எண் வீட்டில், சகோதரி நிவேதிதையின் பெண்கள் பள்ளியை அன்னையே பூஜை செய்து தொடங்கி வைத்தார். சுவாமி விவேகானந்தர், சுவாமி பிரம்மானந்தர், சுவாமி சாரதானந்தர் ஆகியோர் உடனிருந்தனர். முந்திய நாள் பலராம் போஸின் இல்லத்தில் கூடிய இல்லறப் பக்தர்களிடம், உங்கள் பெண்களை அனுப்புங்கள் என்று நிவேதிதை வேண்டியிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. ஓசையின்றிப் பின்வரிசையில் வந்து அமர்ந்திருந்த சுவாமிஜி, அருகிலிருந்தவர்களை எழுந்து பேசும்படி விரலால் குத்தித் தூண்டிக்கொண்டிருந்தார். பயனில்லை. கடைசியில் ஒரு பக்தரின் சார்பில் அவரே, ‘இவர் தம் பெண்ணைத் தருகிறார்’ என்று அறிவித்துவிட்டார்! நிவேதிதை குழந்தையைப்போல் கைதட்டி மகிழ்ந்தார். குருநாதர் கேலியும் கட்டாயமுமாகப் பெற்றுத் தந்த மாணவிகளைக் கொண்டுதான் அப்பள்ளி தொடங்கியது.

கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி இல்லாமலில்லை. பெதூன் பள்ளி 1849-லேயே தோன்றிவிட்டது. ஆனால் பாக்பஜாரின் ஆசாரமான குடும்பங்களுக்கு அது வெகுதூரம். எட்டு, பத்து வயதில் மணம், அதன்பின் வீட்டு வாயிலைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு. இளம்வயதில் கணவனை இழந்தவர்களின் நிலை அதனினும் கொடிது. ஆகவே பள்ளியே அவர்களது தெருவுக்கு வரவேண்டியிருந்தது. அயர்லாந்தில் பிறந்து, இலண்டனை அடுத்த விம்பிள்டனில் சொந்தமாகப் பள்ளி நடத்திய நிவேதிதை, தமக்குப் பழக்கமான சூழலை விட்டு அந்தச் சந்திலேயே குடியேறினார். அவ்வீட்டிற்கு வருமுன் சில நாட்கள் அன்னையின் வீட்டில் தங்கினார். அன்னை அந்நிய நாட்டுப் பெண்ணைத் தம்முடன் அமர்த்தி உணவுண்டார். அந்நாளில் அது சிறிய செய்தியன்று. அன்னை ஏற்றுக்கொண்ட ஒருவரைத் தெருவார் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

எனினும் பள்ளி தடையின்றி வளர்ந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். பணமில்லை. 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிவேதிதை நிதி திரட்ட மேலைநாடு சென்றார், பள்ளி மூடப்பட்டது. 1902-இல் சரஸ்வதி பூஜையன்று மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். அதன்பிறகு அமெரிக்கரான சகோதரி கிறிஸ்டைன் துணை நின்றார். 1903 நவம்பரில் மணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. வீட்டு வேலைகளை முடித்துப் பிற்பகலில் வரும் பெண்கள் எழுத்தும் தையலும் கற்றனர். கட்டணம் கிடையாது. தம் நூல்களால் வந்த வருவாயையும் மேலைநாட்டு அன்பர்கள் அனுப்பிய பணத்தையும் நிவேதிதை பள்ளிக்கே செலவிட்டார்.

அந்த வகுப்பறையில் நிகழ்ந்ததாக மாணவியர் நினைவுகூர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே சொல்லவேண்டும்.

பாடத்தின் நடுவே ஒரு பெண் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினாள். உங்கள் மொழியில் அதற்கு என்ன சொல் என்று நிவேதிதை கேட்டார். யாருக்கும் உடனே தோன்றவில்லை, அவருக்கு வருத்தமாயிற்று. சிறிது நேரத்தில் ஒரு மாணவி ‘ரேகா’ என்றாள். ஆசிரியைக்கு உண்டான ஆனந்தத்தைப் பார்க்கவேண்டுமே! ‘ரேகா, ரேகா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். நம் வீடுகளில் இன்று புழங்கும் தமிழைக் கேட்டால் அவர் என்ன சொல்வாரோ!

மற்றொன்று ஏகாதசி பற்றியது. மாணவியருள் ஒருத்தி குழந்தை விதவை. அந்நாளைய வழக்கப்படி ஏகாதசியன்று அவளுக்குக் கடும் உபவாசம். நிவேதிதை ஒவ்வோர் ஏகாதசியிலும் அவளை நினைவாக அழைத்து உண்ணத் தருவார். ஒருமுறை ஜகதீச சந்திர போஸின் இல்லத்திற்குச் சென்றவர் மறந்துவிட்டார். மாலையில் நினைவு வந்ததும் விரைந்து திரும்பி, ‘நான் உண்டுவிட்டேன், நீ பட்டினியாக இருக்கிறாய்’ என்று அவளிடம் மனம் நொந்து அழுதார். பாடத்திட்டம், புத்தகம், கட்டடம் எல்லாம் பிறகு வருபவை. மாணவி இன்று உண்டாளா என்று அறிந்திருப்பவரே அவளுக்கு எழுத்தையும் கொடுக்க முடிகிறது.

1911 அக்டோபர் 13-ஆம் நாள் நிவேதிதை டார்ஜிலிங்கில் உடலை நீத்தார். தம்மிடமிருந்த அனைத்தையும் பெண்கல்விக்கென்றே எழுதிவைத்திருந்தார். அவருக்குப் பின் பள்ளியைத் தாங்கியவர்களுள் முதன்மையானவர் அவரிடம் பயிற்சி பெற்ற இளம் வங்கப் பெண் சுதீரா தேவி. மாணவியர் தங்குவதற்கு விடுதியும் அமைத்தார். அவர் துணைநின்று வளர்த்த மாணவியருள் சரளா என்ற சிறுமி ஒருத்தி. குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்ட அவள் இல்லறத்தை ஏற்காமல் சுதீராவிடம் அடைக்கலம் புகுந்தாள். செவிலிப் பயிற்சி பெற்றாள். 1920-இல் அன்னையின் இறுதி நாட்களில் அருகிருந்து பணிவிடை செய்தாள். 1954-இல் ஸ்ரீசாரதா மடம் தோன்றியபோது அதன் முதல் தலைவியான பிரவ்ராஜிகா பாரதிபிராணா மாதாஜி அவரே. கணவன் வீட்டிற்கு அனுப்பப்பட்டிருந்தால் அவர் பெயர் யாருக்குத் தெரிந்திருக்கும்? நிவேதிதை தொடங்கிய பள்ளி இன்று ராமகிருஷ்ண சாரதா மிஷனால் நடத்தப்படுகிறது. அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. பாக்பஜார் செல்லும் நம் அன்பர்கள் அன்னை வாழ்ந்த உத்போதன் இல்லத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நடந்து செல்லும் தூரம்தான். அங்கும் சென்று வரவேண்டும்.

தமிழர்க்கு இப்பள்ளியுடன் ஒரு தனி உறவும் உண்டு. இருபது வயதைத் தாண்டிய, மணமாகாத இரு சென்னைப் பெண்கள் அங்கே தங்கிப் படித்தனர். அவர்களைக் குறிப்பிட்டு அன்னை வியந்து பேசியிருக்கிறார். தம் ஊர்ப்பக்கத்தில் எட்டு வயதுக்குள் பெண்ணைக் கட்டிக்கொடுக்கத் துடிக்கிறார்களே என்று வருந்தியும் இருக்கிறார். மகளுக்கு மணமாகவில்லையே என்று கவலைப்பட்ட ஒரு தாயிடம், நிவேதிதையின் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவை என்று கூறியவரும் அவரே. காங்கிரஸ் மாநாட்டிற்காக வடக்கே சென்ற மகாகவி பாரதியார் நிவேதிதையைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட கேள்வி கவிஞரின் உள்ளத்தைச் சுட்டது. 1908-இல் வெளிவந்த ‘ஸ்வதேச கீதங்க’ளை அவருக்கே காணிக்கையாக்கினார்.

சென்னையிலும் இதே வழிதான் பயன் தந்தது. குழந்தை விதவையான சகோதரி சுப்பலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தம்மைப்போன்ற இளம் விதவைகளைத் தம்முடன் தங்கவைத்துப் படிக்கச் செய்து ஆசிரியைகளாக்கினார். அவர்களது விடுதி சில ஆண்டுகளுக்குப் பின் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் மாளிகைக்கு மாறியது. 1897-இல் சுவாமிஜி ஒன்பது நாட்கள் தங்கிய அதே மாளிகை. இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். போஸ்பாரா சந்திலும் ஐஸ் ஹவுஸிலும் படித்தவர்கள் பெரும்பாலும் உயர்குடிப் பெண்கள். தெருவில் வாழும் சிறுமி இரண்டிற்கும் வெளியேதான் நின்றாள். அவளை உள்ளே அழைக்கும் முயற்சி ஒன்று அதே கல்கத்தாவில், பாக்பஜாருக்குத் தெற்கே சியால்தா ரயில்நிலையப் பகுதியில் பின்னாளில் நடந்தது. லொரேட்டோ பள்ளிக்கு 1979-இல் தலைமை ஏற்றவர் சகோதரி சிரில் மூனி. அவரும் அயர்லாந்தில் பிறந்தவர், கிறிஸ்தவத் துறவி. கட்டணம் செலுத்த இயலாத மாணவியரின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாக உயர்த்தினார். 1985-இல் நடைபாதைச் சிறுமிகளுக்காகப் பள்ளிக் கட்டடத்திலேயே ‘வானவில்’ என்ற பெயரில் வகுப்புகளைத் தொடங்கினார். அவர்கள் விரும்பிய நேரத்தில் வரலாம். இரவில் தங்குவதற்கும் இடம் உண்டு. தேறியவர்கள் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்டனர். 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2023-இல் மறைந்தார்.

அந்த வகுப்புகளுக்கு அவர் தனி ஆசிரியர்களைத் தேடி அலையவில்லை. ஐந்தாம் வகுப்பு முதல் அப்பள்ளியின் மாணவியரே, கால அட்டவணையில் இதற்கென ஒதுக்கிய பாடவேளையில், ஒருவருக்கு ஒருவராக அமர்ந்து அச்சிறுமிகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தனர். காமார்புகூரில் லட்சுமி அன்னைக்குச் செய்ததும் இதுவே. சொல்லிக்கொடுத்தவர்களுள் பலர், தாமே கட்டணமின்றிப் படித்துக்கொண்டிருந்தவர்கள்.