எஞ்சின் வேலைக்குப் பின் கிளச் வழுக்கினால்

ஐப்பசி மழை இறங்கி வட்டை ஈரமானதும் உழவுக்குக் கிடைப்பவை சில நாட்களே. மழையை நம்பி விதைக்கும் காணிகளுக்கு இது இன்னும் நெருக்கடி. 2007ஆம் ஆண்டு பங்குனியில் படுவான்கரையை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் ஊர் திரும்பிய குடும்பங்களைப் போன்றவர்கள் பலர் சேர்ந்து, நின்றுபோன ஒரு பழைய உழவு இயந்திரத்தைத் திருத்த முனைந்தால், கையிலுள்ள காசு எஞ்சினோடு முடிந்துவிடும். அப்படித் திருத்திய வண்டி வயலில் இழுக்க மறுத்தால், “கிளச் பிளேட் போய்விட்டது, புதிது போடுங்கள்” என்ற பேச்சு உடனே எழும். அதற்குக் கடன் வாங்குமுன் நாம் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில், வழுக்குவது கிளச்தானா? கலப்பை மண்ணில் இறங்கியதும் எஞ்சின் சத்தம் தாழ்ந்து அணையப் பார்த்தால், அது எஞ்சினின் பலக்குறைவு அல்லது அளவுக்கு மீறிய பாரம். சத்தம் ஏறி, சில்லும் சேற்றில் சுற்றினால் கிளச்சில் குற்றமில்லை. சத்தம் மட்டும் ஏறி, சில்லு சுற்றாமல் மந்தமானால்தான் கிளச் வழுக்குகிறது. நம் பக்கம் ஏற்றங்கள் குறைவு. நெல் மூட்டைகளை ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டு ஏறும்போது இது நன்றாகத் தெரியும். கருகல் மணமும் வரும்.

கிளச் பிளேட்டை, எஞ்சினோடு சுற்றும் பிளைவீலுடன் இறுக்கிப் பிடிப்பவை வில்லுகள். பெடலை மிதிக்கும்போது ஒரு பெயாரிங் வந்து விரல் போன்ற நெம்புகளைத் தள்ளி அந்தப் பிடியை விடுவிக்கிறது. காலை எடுத்ததும் பெயாரிங் முற்றாக விலக வேண்டும். எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது பெடலின் இணைப்புக் கம்பி முன்பிருந்த நீளத்தில் பூட்டப்படாவிட்டால் அது விலகாது. நாம் காலை எடுத்துவிட்டோம்; கிளச்சுக்கோ கால் இன்னும் மேலேதான் இருக்கிறது.

சோதிப்பது எளிது. எஞ்சினை அணைத்து, கியரை நியூற்றலில் விட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பெடலைக் கையால் அழுத்துங்கள். முதலில் இலேசாக இறங்கி, பின் ஓரிடத்தில் பாரம் தெரியும். அந்த இலேசான தூரத்தையே மெக்கானிக்மார் ‘பிளே’ என்பார்கள். பல நான்கு சில்லு இயந்திரங்களில் இது ஏறத்தாழ ஓர் அங்குலம்; உங்கள் வண்டியின் கைநூலில் உள்ள அளவே முடிவானது. பிளே அறவே இல்லையென்றால் நோய் பிடிபட்டது என்று கொள்ளலாம். கம்பியின் லொக் நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்று மட்டும் திருப்பிப் பெடலைப் பாருங்கள். பிளே கூடாவிட்டால் மறுபக்கம் திருப்புங்கள். அளவு வந்ததும் நட்டை இறுக்குங்கள். அளவுக்கு மேல் பிளே வைத்தால் கிளச் முழுதாக விடாது, கியர் உறுமும். புதிய பிளேட் போட்டிருந்தால் அது தேயத் தேயப் பிளே குறையும். முதற் கிழமை முடிவில் மறுபடி அளக்க வேண்டும். பெடலில் காலை வைத்தபடியே உழும் பழக்கம் உள்ளவருக்கு எந்த அளவும் நிற்காது.

பிளே சரியாக இருந்தும் வழுக்கினால் ஒயிலைத் தேடுங்கள். கிளச் பெட்டியின் அடியில் பல வண்டிகளில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து எஞ்சின் ஒயில் சொட்டினால், பெரும்பாலும் எஞ்சினின் பின்பக்க சீல் சரியாக அமரவில்லை. கியர் ஒயிலென்றால் கியர் பெட்டியின் முன்பக்க சீல். துளை வழியே பெற்றோல் அடித்துக் கழுவுவதும் மண் தூவுவதும் நம் ஊர்களில் காணும் வைத்தியம். பெற்றோல் தீப்பிடிக்கும், மண் பிளைவீலைத் தின்னும். ஒயில் ஊறிய பிளேட் தேறாது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அந்தக் காசும் ஒயிலில்தான் போகும். வண்டியைப் பிரித்தே ஆக வேண்டிய வேலை இது. எஞ்சின் வேலை செய்தவரிடமே கொண்டு சென்று, சொட்டும் இடத்தைக் காட்டிப் பேசுங்கள். பிரிக்கும்போது நெம்புகள் ஒரே உயரத்தில் உள்ளனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

லாண்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இரு சில்லு இயந்திரங்களில் கதை வேறு. அவற்றில் பலவற்றில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் இடையே பெல்ட்கள் ஓடுகின்றன. எஞ்சினை இறக்கி ஏற்றியபோது சற்றுப் பின்தள்ளிப் பூட்டியிருந்தால் பெல்ட் தளர்ந்து, கிளச் போனதுபோலவே வழுக்கும். எஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றி, பெல்ட்டின் நடுவில் விரல்களால் அழுத்துங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால், எஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னே நகர்த்தி இறுக்குங்கள். இரு கப்பிகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். ஒரு பெல்ட் வெடித்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பெல்ட் முதல் நாள் உழவிலேயே சற்று நீளும். மறுநாள் காலை வயலில் இறங்குமுன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.