சிங்கப்பூரில் சும்மா சுற்றலாம்... சுகமாகத் திரும்பலாம்!

மகனோ மகளோ சிங்கப்பூரில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே நிறைய. பிரசவம் பார்க்க, பேரப்பிள்ளையைக் கொஞ்ச என்று பெற்றோர் விமானம் ஏறுகிறார்கள். முதல் வாரம் ஊர் சுற்றல். அப்புறம் பன்னிரண்டாவது மாடி, நாலு சுவர், டி.வி.! "வெளியில கால் வச்சாலே டாலர் கணக்குல செலவாகுமே டாக்டர்... பிள்ளைக்கு எதுக்குச் சுமை?" என்பார்கள். விளைவு? ஊர் திரும்பும்போது மூட்டு இறுகியிருக்கும். மலச்சிக்கல் கூட வரும். சர்க்கரை ஏறியிருக்கும்.

உடம்பு அசையாமல் கிடந்தால் வாதம் நிலைகுலையும் என்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். அதற்கு எளிய மருந்து நடை. அதை இலவசமாகவே தரும் ஊர் சிங்கப்பூர். பஸ், ரயில் கட்டணம் மட்டும்தான் செலவு!

சூரியனைக் கணக்குப் பண்ணுங்க!

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. 'மதுரையில 40 டிகிரியே பார்த்தவன் நான், இது எம்மாத்திரம்?' என்று நினைக்காதீர்கள். அங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், உலராது. உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்?

இன்னொரு விஷயம். அங்கே கடிகாரம் நம் ஊரைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆனால் சூரியன் உதிப்பது காலை 7 மணிவாக்கில், மறைவது மாலை 7 மணிவாக்கில். உச்சி வெயில் பகல் 1 மணிக்கு! நம் ஊர் 4 மணி வெயில் அங்கே 5 மணிக்குத்தான். ஆகவே காலை 7 முதல் 9.30 வரை, மாலை 5-க்குப் பிறகு: இதுதான் நடைக்கான நேரம். மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் அடிக்கடி உண்டு. வானம் கறுத்தால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

எங்கே போகலாம்?

* தாவரவியல் பூங்கா: 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது. அதிகாலை 5 முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். வாசலிலேயே ரயில் நிலையம். உள்ளே மூலிகைகளுக்கென்றே ஒரு தோட்டம். உடம்பின் உறுப்புகள் வாரியாகச் செடிகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பேரனுக்குப் பாட்டி வைத்தியம் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது? பறிக்க மட்டும் கூடாது!

* ஈஸ்ட் கோஸ்ட் பார்க்: சுமார் 15 கிலோமீட்டர் நீளக் கடற்கரைப் பூங்கா. காற்றும் நிழலும் தாராளம். சர்க்கரை நோயாளிகள் மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

* கரையோரப் பூந்தோட்டங்கள்: கண்ணாடிக் கூடங்களுக்குக் கட்டணம் உண்டு. வெளித் தோட்டம் இலவசம். ராட்சத மரக் கோபுரங்களில் ராத்திரி நடக்கும் ஒளி-ஒலிக் காட்சிக்கும் காசு கிடையாது.

* விக்டோரியா தெரு தேசிய நூலகம்: வெயில் நேரத்துக்கு ஏற்றது. குளுகுளு அறை, தமிழ்ப் புத்தகங்கள்... பொழுது போவதே தெரியாது!

அடக்காதீர்கள்!

அடக்கக்கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். தாகம், பசி, சிறுநீர், உறக்கம் எல்லாம் அதில் அடக்கம். வெளியே போனால் பெண்கள் முதலில் செய்வது என்ன? 'பாத்ரூம் தேடணுமே' என்று தண்ணீரைக் குறைப்பது! நீர்க்கடுப்பும் தலைவலியும் அங்கேதான் ஆரம்பம். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் கழிப்பறைக்குப் பஞ்சமில்லை. குழாய்த் தண்ணீரையே நேராகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கும் செலவும் மிச்சம். ஆனால் ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் அபராதம். ஏறுமுன் குடித்துவிடுங்கள்.

கிளம்புமுன் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் போதும். ரத்தக் கொதிப்புக்காரர்கள் உப்பைத் தவிர்க்கவும். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்கக்கூடாது. பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். டெங்கு கொசு பகலில் கடிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

நடக்கும்போது தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலில் உட்காருங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து நினைவு தடுமாறினாலோ கைவைத்தியம் பார்க்கும் நேரமல்ல அது. 995-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்து, அது வரும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா-அப்பாவுக்கு விலை உயர்ந்த டிக்கெட் வாங்கித் தருவதெல்லாம் சரி. வந்த முதல் வாரமே ஒரு பஸ் அட்டையும் வாங்கிக் கொடுத்து, பக்கத்துப் பூங்காவுக்கு இரண்டு தடவை கூடவே போய் வழி காட்டுங்கள். மூன்றாவது தடவை அவர்களே போய் வந்துவிடுவார்கள்.