காவலும் தடையும்

வடலூரில் 1867 ஆம் ஆண்டு வள்ளலார் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. இதனை யாவரும் அறிவர். 1871 இல் அவர் அன்பர்க்கு விடுத்த அறிவிப்பினைச் சிலரே அறிவர். கணவன் இறந்தால் மனைவி தாலி களைதல் வேண்டா என்றும், மனைவி இறந்தால் கணவன் மறுமணம் நாடுதல் வேண்டா என்றும் அவர் அதிற் பணித்தார். விதி கடுமையானதே, எனினும் அது இருபாலாரையும் ஒருங்கே கட்டியது.

வடலூரை அடுத்த நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. அவை திறந்தவெளிச் சுரங்கங்கள். பெரிய சக்கர இயந்திரங்கள் அல்லும் பகலும் அங்கே மண்ணை அகழ்கின்றன. தொழிலாளர் மூன்று ஷிப்டுகளாக மாறி மாறி உழைக்கின்றனர். இந்நாட்டுச் சுரங்கங்களுக்கென 1952 இல் இயற்றப்பட்ட சட்டம், பெண்களை நிலத்தடியில் வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. நிலத்தின்மேலும் மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை அமர்த்தலாகாது என்றது.

அதன் நோக்கம் தீயதன்று. இங்கிலாந்துச் சுரங்கங்களில் பெண்டிரும் சிறுவரும் இருளில் நிலக்கரி வண்டிகளை இழுத்து உழன்ற கொடுமையைக் கண்டே 1842 இல் அங்குத் தடைச்சட்டம் பிறந்தது. ஆயினும் சிறுவர்க்கு ஏற்ற காவல், கற்றுத் தேர்ந்த பெண்ணுக்குத் தளையாயிற்று. இந்தியாவிலோ, உலகப் போரின்போது நிலக்கரி மிகுதியும் வேண்டியிருந்தமையால், 1943 இல் அரசே நிலத்தடித் தடையைத் தளர்த்திற்று. போர் முடிந்தபின் 1946 இல் தடை மீண்டது. பெண்ணின் உடல்நலமே கருத்தாயின், இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கருத்து எங்குச் சென்றதோ!

இரவு ஷிப்டுக்கு வரலாகாதவர் சுரங்கத் தொழிலை முழுதும் பயிலுதல் அரிது; பயிலாதார்க்கு மேற்பார்வைப் பதவியும் அரிது. சுரங்கவேலை பெண்ணுக்கு ஒவ்வாது என்று கூறுவோர், அங்கே பெண்ணைக் காணாமையையே சான்றாகக் காட்டினர்.

2019 இல் நடுவண் அரசு விலக்களித்தது. பெண்கள் திறந்தவெளிச் சுரங்கங்களில் இரவிலும், நிலத்தடியில் தொழில்நுட்பம், மேற்பார்வை முதலிய பணிகளிற் பகலிலும் ஈடுபடலாம் என்றாயிற்று. அவர்தம் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். மூவர்க்குக் குறையாது பணியில் இருத்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். இருவரே உள்ள இடத்தில் மூன்றாமவளை எங்கே தேடுவது? 2020 இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எல்லா வகை வேலைக்கும் பெண்கள் உரியர் என்று கூறிற்று. இரவுப் பணிக்கு அவர்தம் ஒப்புதலை அதுவும் வேண்டிற்று.

ஒப்புதல் தரவேண்டியவள் அப்பெண்ணே. ஆயினும் அவள் கையொப்பம் இடுமுன் தந்தையும் கணவனும் மாமியாரும் கேட்கும் வினாக்கள் பல. இரவுப் பணிக்குச் செல்லும் ஆண்மகனிடம் அவற்றுள் ஒன்றையும் எவரும் கேட்பதில்லை.