இலைச் சருகில் ஒரு விதைப்பு

டார்பி,
நவம்பர்

அன்புள்ள கயல்,

தோட்டத்தில் விழுந்த இலைகளைக் கூட்டி கவுன்சில் தொட்டியில் போட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். ஒரு கூடைகூட வெளியே போகக்கூடாது. லெஸ்டரில் உன் வீட்டு மண் கெட்டிக் களிமண். மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஜூலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதற்கு மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டுவதைவிட, இந்த இலையைத் தின்று மட்காக்கும் ஓர் ஆளை அங்கே குடிவைப்பது மேல். காளானைத்தான் சொல்கிறேன். குளிர்காலத்தில் குழம்புக்கும் கொடுக்கும்.

மூடாக்கு போட்டால் போதும், மண் தானாக வளமாகிவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. இலைக்கும் மரத்துக்கும் விறைப்பைத் தரும் லிக்னினைப் பெரும்பாலான பாக்டீரியாக்களால் உடைக்க முடியாது. சில பூசணங்களுக்கே அந்த வித்தை நன்றாகத் தெரியும். அவற்றின் இழைகள் நொதிகளைக் கசியவிட்டு இலையைக் கரைக்கின்றன. மிஞ்சுவது மட்கு. அதே இழைகள் களிமண் துகள்களைச் சிறு உருண்டைகளாகக் கட்டிவைக்கின்றன. உருண்டைகளின் இடுக்கில் காற்றும் நீரும் இறங்குகின்றன. மண்புழுவும் அந்த இழைகளைத் தேடி வரும். காளான் நிறைய முளைத்ததா என்று பார்ப்பதைவிட, அடியில் மண் பொலபொலப்பானதா என்று பார். எனக்கு அதுதான் அறுவடை.

நீ வளர்க்க வேண்டியது வுட் பிளூயிட் என்னும் காளான். ஊரில் சிப்பிக்காளானையும் பால் காளானையும் கொட்டகைக்குள் பைகளில் வளர்ப்பதைப் பார்த்திருப்பாய். இதற்குக் கூரை வேண்டாம். குளிர் உறைத்தால்தான் தலைகாட்டும். அக்டோபர் தொடங்கி, பனி விழுந்த பிறகும் டிசம்பர் வரை வரும். இதன் பங்காளியான ஃபீல்டு பிளூயிட்டை 'புளூ லெக்ஸ்' என்று சொல்லி, நம் மிட்லண்ட்ஸ் சந்தைகளிலேயே ஒரு காலத்தில் விற்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வுட் பிளூயிட்டைப் பயிராகவே வளர்க்கிறார்கள்.

இப்போது உனக்கு ஒரே வேலை: ஓக், பீச் இலைகளைக் குவித்து ஈரமாக வை. வித்து போடுவது ஏப்ரலில். மரத்தடியிலோ வேலியோரத்திலோ நிழலான இடமாகப் பார்த்துப் புல்லை எடு. நனைத்த அட்டையைப் பரப்பு. அதன் பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட மறக்காதே. மேலே நான்கு அங்குலத்துக்குப் பாதி மட்கிய இலையும் கொஞ்சம் கம்போஸ்ட்டும். காளான் வித்தை உதிர்த்துத் தூவி, இன்னொரு அடுக்கு இலை, கடைசியில் வைக்கோல். பிறகு ஈரம் காயாமல் பார்த்துக்கொள். ஒரு மாதம் கழித்து ஓர் ஓரத்தில் இலையை மெதுவாகத் தூக்கிப் பார். இரண்டு இலைகளை ஒட்டவைத்தபடி வெள்ளை நூல்கள் ஓடியிருந்தால் பிடித்துக்கொண்டது. முகர்ந்தால் மழை நின்ற காட்டின் வாசம் வரும். புளித்த நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம். பிளூயிட் சோம்பேறி. முதல் ஆண்டு ஒன்றுமே முளைக்காமல் போகலாம், அதற்காகக் கிளறிவிடாதே.

மரம் வெட்டுகிறவர்கள் சில்லுகளைச் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள். அதில் ஒயின் கேப் என்னும் காளான் நன்றாக வரும். ஆனால் குளிர் முற்றும் முன்பே அதன் பருவம் முடிந்துவிடும். சில்லை மண்ணோடு கொத்திக் கலந்துவிடாதே. மட்க வைக்கும் உயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கென்று இழுத்துக்கொள்ளும், கீரை வெளுத்துப்போகும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை மேல்மண்ணோடு நின்றுவிடும்.

இனி எழுதுவதை இரண்டு முறை படி. நாம் போட்ட வித்துதான் முளைத்திருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதே இலைப்படுக்கையில் காற்றில் வந்த வேறொன்றும் முளைக்கும். பிளூயிட் இளசாக இருக்கையில் குடை, தண்டு, அடித்தகடுகள் எல்லாமே ஊதாச் சாயலில் இருக்கும். முற்றினால் குடை பழுப்பேறும். கார்டினேரியஸ் என்னும் பேரினத்திலும் ஊதாக் காளான்கள் உண்டு. அவற்றின் இளங்குடையையும் தண்டையும் சிலந்தி வலை போன்ற மெல்லிய திரை இணைத்திருக்கும். பிளூயிட்டில் அது கிடையாது. இதோடு நிறுத்தாதே. குடையைத் தண்டிலிருந்து வெட்டி, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க விடு. காலையில் படிந்திருக்கும் தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தால் பிளூயிட்டாக இருக்கலாம். துருப் பழுப்பாக இருந்தால் குப்பைக்கு. அந்தப் பேரினத்தில் சிறுநீரகத்தையே அழிக்கும் இனங்கள் உண்டு. 'தி ஹார்ஸ் விஸ்பரர்' நாவலை எழுதிய நிக்கோலஸ் எவன்ஸ் 2008இல் ஸ்காட்லாந்தில் காட்டுக் காளான் பறித்துச் சமைத்தார்; சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. 2011இல் மகளின் சிறுநீரகத்தைப் பெற்றுத்தான் அவர் டயாலிசிஸிலிருந்து மீண்டார். அவர் பறித்தது ஊதாக் காளான் அல்ல, ஆனால் அதே பேரினம். ஆகவே முதல் அறுவடையை, காளான் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டாமல் அடுப்பில் ஏற்றாதே. போனில் படம் எடுத்துப் பெயர் சொல்லும் செயலிகளை இந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை.

பிளூயிட்தான் என்று உறுதியான பிறகும் பச்சையாக ஒரு துண்டுகூட வாயில் வைக்காதே, வயிற்றைப் புரட்டும். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு, விட்ட நீர் சுண்டும்வரை வதக்கு. நன்றாக வெந்தாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் தடவை இரண்டு கரண்டி போதும்.

பறிக்கும்போது தண்டின் அடியில் இலையும் வெள்ளை இழையுமாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு வரும். அதை நறுக்கிப் புது இலைக் குவியலில் புதைத்து வை. பெரும்பாலும் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். படுக்கைக்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புது இலை போட வேண்டும், தீனி தீர்ந்தால் அது இடத்தைக் காலி செய்துவிடும். வித்து வாங்க மார்ச்சில் ஞாபகப்படுத்து. நானும் ஒரு பை வாங்க வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா