உங்க கார்டு நிஜமாவே ‘நியர் மின்ட்’டா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

போகிமான் கார்டை ஒரு முதலீடா பார்க்கலாமான்னு போன வீடியோவுல பேசினோம். அதுல அவசரமா தாண்டிப்போன ஒரு விஷயத்தை இங்கே விரிவா எழுதுறேன். கார்டோட கண்டிஷனை எப்படிப் பார்க்கறது?

முதல்ல நான் வாங்கின அடி. ஒரு பழைய ஹோலோ கார்டு, ‘நியர் மின்ட்’னு போட்டிருந்தாங்க. போட்டோவுல பளபளன்னு இருந்தது. 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கவரைப் பிரிச்சு, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பார்த்தா, படத்து மேல தலைமுடி மாதிரி மெல்லிய கீறல்கள். பின்பக்கம் நீல ஓரத்துல ரெண்டு மூலை வெளுத்துப் போயிருந்தது. கடைசியில 4,000-க்குத்தான் வித்தேன். விற்றவர் பொய் சொன்னார்னுகூட சொல்ல முடியாது. போட்டோவுல எதைப் பார்க்கணும்னு எனக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

கார்டை மதிப்பிடுறவங்க முக்கியமா நாலு விஷயத்தைப் பார்ப்பாங்க: மூலை, ஓரம், மேற்பரப்பு, சென்டரிங். அமெரிக்காவுல பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991-லிருந்து இதைச் செய்யுது. 1 முதல் 10 வரைக்கும் மதிப்பெண், 10-க்கு ‘ஜெம் மின்ட்’னு பேர்.

மூலையையும் ஓரத்தையும் எப்பவும் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிங்க. போகிமான் கார்டோட பின்பக்க ஓரம் அடர்நீலம். அதனால சின்ன தேய்மானம்கூட வெள்ளைப் புள்ளியா பளிச்சுன்னு காட்டிக்கொடுத்திடும். முன்பக்கம் மஞ்சளா வெள்ளியா இருக்கறதால அங்கே அது மறைஞ்சிடும். விற்கிறவங்க முன்பக்கம் மட்டும் நாலு போட்டோ போட்டிருந்தா, பின்பக்கத்தைக் கேட்டு வாங்காம ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க.

மேற்பரப்புதான் நிறைய பேர் ஏமாறுற இடம். நேர் வெளிச்சத்துல ஹோலோ கார்டு எப்பவுமே அழகாத்தான் இருக்கும். ஒரே ஒரு விளக்கைப் போட்டு, கார்டை மெதுவா முன்னும் பின்னும் சாய்ங்க. கீறல், அமுங்கின பள்ளம் எல்லாம் ஒரு கோணத்துல மட்டும்தான் கண்ணுல படும். நேர்கோடா, ஒரே சீரா ஓடுற கோடு பெரும்பாலும் அச்சடிக்கும்போதே வந்தது. ‘பேக்ல இருந்து எடுத்து நேரா ஸ்லீவ்ல போட்டேன் சார்’னு சொல்றது உண்மையாவே இருக்கலாம், ஆனா மதிப்பெண் அதுக்கும் குறையும். எங்கேயாவது மடிப்பு விழுந்திருந்தா 10, 9 எல்லாம் மறந்துடுங்க. ஆன்லைன்ல வாங்கறீங்கன்னா ஸ்லீவ் இல்லாம, சாய்ச்சு எடுத்த 20 செகண்ட் வீடியோ கேளுங்க. தயங்கறாங்கன்னா அதுவே பதில்.

சென்டரிங் வெறும் கணக்கு. படத்துக்கு இடப்பக்க ஓரம் 3 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2 மில்லிமீட்டர்னா மொத்தம் 5, அதாவது 60/40. பி.எஸ்.ஏ. 10-க்கு முன்பக்கம் சுமார் 55/45-க்குள்ள இருக்கணும். மேல் கீழ் ஓரத்தையும் இதே மாதிரி அளந்துக்கோங்க. இதைச் சரி பண்ண வழியே கிடையாது.

வழி கிடையாதுன்னு சொன்னாலும் சிலர் ஓரத்தை வெட்டுவாங்க! இதுக்குப் பேர்போன கதை ஹோனஸ் வாக்னர் கார்டு. 1909-11 காலத்துல சிகரெட் பாக்கெட்டோட வந்த பேஸ்பால் கார்டு அது. 1991-ல ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரோட பார்ட்னரும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினாங்க. பி.எஸ்.ஏ. முதன்முதலா மதிப்பெண் போட்ட கார்டு அதுதான், கிடைச்சது 8. அந்தக் கார்டோட ஓரத்தை வெட்டினது நான்தான்னு பில் மாஸ்ட்ரோங்கற வியாபாரி 2013-ல கோர்ட்டுல ஒத்துக்கிட்டார். அதனால பழைய கார்டுன்னா ஸ்கேலும் கையுமா இருங்க. போகிமான் கார்டோட அளவு 63 × 88 மில்லிமீட்டர். ஓரம் சந்தேகப்படுற மாதிரி புதுசா, கூர்மையா இருந்து அளவும் குறைஞ்சா விட்டுடுங்க.

இப்போ நம்ம சப்ஜெக்ட், பணம். உங்ககிட்ட இருக்கற கார்டை அப்படியே வித்தா 8,000 கிடைக்கும்னு வைங்க. மதிப்பெண் வாங்கினா 10-க்கு 25,000, 9-க்கு 10,000, 8-க்கு 7,000. கட்டணம், போக வர கூரியர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து செலவு 4,000. (இதெல்லாம் கணக்குக்காக நான் போட்ட எண்கள், மார்க்கெட் விலை இல்லை.)

10 வர 20% வாய்ப்பு, 9-க்கு 50%, 8-க்கு 30%-ன்னா சராசரியா வர்றது 5,000 + 5,000 + 2,100 = 12,100. செலவு போக 8,100. இத்தனை அலைச்சலுக்கும் காத்திருப்புக்கும் லாபம் வெறும் 100 ரூபாய்!

அதே கார்டை நல்லா அலசிப் பார்த்து, 10-க்கு 40%, 9-க்கு 40%, 8-க்கு 20% தேறும்னு வைங்க. 10,000 + 4,000 + 1,400 = 15,400. செலவு போக 11,400. விலைப்பட்டியல் மாறலை, செலவும் மாறலை. அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க பார்த்த பார்வைதான் அந்த 3,300 ரூபாய் வித்தியாசம். இதுல நம்ம ஆளுங்க பண்ற தப்பு, தன்னோட கார்டுன்னா எல்லாமே 10 மாதிரி தெரியறது. நான் என்ன பண்றேன்னா, வாங்கறப்போ எவ்வளவு கறாரா பார்ப்பேனோ அதே மாதிரி பார்த்து ஒரு நோட்ல மதிப்பெண் எழுதிவைப்பேன். ஒரு வாரம் கழிச்சு அதைப் பார்க்காம மறுபடி எழுதுவேன். ரெண்டுல எது குறைவோ அதை வெச்சுத்தான் கணக்கு.

வெளிநாட்டுக்கு அனுப்பறதா இருந்தா, திரும்பி வரும்போது கஸ்டம்ஸ் வரி விழுமான்னு முன்கூட்டியே விசாரிச்சு அந்த 4,000-ல சேர்த்துக்கோங்க. கார்டு கையில இருக்கற வரைக்கும் ஸ்லீவ் போட்டு, அதுக்கு மேல கெட்டியான டாப்லோடர்ல வைங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு ஃபாயில் கார்டு சீக்கிரம் வளைஞ்சிடும். டப்பாவுல ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, மூணு மாசத்துக்கு ஒருதடவை மாத்துங்க.