அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிக வரி: நியாயமா?



தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் நல்ல சம்பளத்தில் இருக்கும் ஒரு தம்பி, ஜும்ஆ முடிந்து நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். “பாய், ஜகாத் நூற்றுக்கு இரண்டரைதான். அரசாங்கம் முப்பது கேட்கிறது. இது அநியாயம் இல்லையா? பத்தாயிரம் தருகிறேன், ஒரு லட்சத்துக்கு ரசீது போட்டுக் கொடுங்கள்” என்றார். அப்படி ரசீது தர முடியாது என்றேன். ஆனால் கேள்விக்குப் பதில் வேண்டுமே.

முதலில் கணக்கு. ஜகாத் ஓராண்டு நம்மிடம் நின்ற செல்வத்தின் மீது. வருமான வரி அந்த ஆண்டு வந்த வருமானத்தின் மீது. இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஒன்று மற்றதற்கு ஈடாகவும் ஆகாது. மேலும், 2025-26 புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை; 24 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே 30 சதவீதம். வரிக்குரிய வருமானம் 30 லட்சம் என்றால், செஸ் சேர்த்து வரி 4,99,200 ரூபாய். நூற்றுக்குப் பதினேழுகூட இல்லை.

தம்பியின் ஆதங்கத்திலும் உண்மை உண்டு. அரசின் கைக்கு எல்லை வேண்டும். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 265-ஆவது பிரிவு. 1973-74இல் உச்ச விகிதம் 97.75 சதவீதமாக இருந்தது. இத்தகைய விகிதமே வரி ஏய்ப்பை வளர்க்கிறது என்று வாஞ்சூ குழு சொன்ன பிறகு அது குறைக்கப்பட்டது. 1997-98இல் 30 ஆனது.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே அளவு வைத்தால்? கேரளத்தில், விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 ரூபாய் நிலவரி போட்டார்கள். பாலக்காட்டில் ஒருவருக்குக் காட்டிலிருந்து வந்த ஆண்டு வருமானம் 3,100 ரூபாய். வரியோ 50,000க்கு மேல்! மூப்பில் நாயர் தொடுத்த அந்த வழக்கில், 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. தாங்கும் சக்தியைப் பாராமல் எல்லோர் தலையிலும் ஒரே சுமையை ஏற்றுவது சமத்துவம் ஆகாது.

சோப்பு வாங்கும்போது மேலாளரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே ஜிஎஸ்டிதான் கட்டுகிறார்கள். யாருடைய சம்பளத்தில் அது கூடுதலாகக் கடிக்கும்? 380 கோடியில் கட்டி 2020இல் திறந்த நம் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம், இப்படி எல்லோரும் கொடுத்த பணத்தில் எழுந்ததுதான்.

நன்கொடைக்கு வரிக்கழிவு பழைய முறையில்தான் உண்டு. அதற்காகப் பொய் ரசீது காட்டினால், குறையும் வரி அடுத்தவர் தலையில் விழும். வரி அதிகம் என்றால் வெளிப்படையாகச் சொல்வோம். தகவல் உரிமைச் சட்டத்தில் செலவுக் கணக்கைக் கேட்போம். ரசீது புத்தகம் நம்மிடம் உள்ள அமானிதம்.

தம்பி பத்தாயிரம் கொடுத்தார். பத்தாயிரத்துக்கே ரசீது வாங்கிச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ்.