பாம்பு வராவிட்டால்?

கங்கைகொண்டானில் மாலை நேரம் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட நான் அடிக்கடி எடுப்பது ஸாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்த காளியின் கதை. சென்னை துளிகா பதிப்பக வெளியீடு. காளி இருளர் வீட்டுப் பிள்ளை, படிப்பில் கெட்டி. ஆனால் அப்பா பாம்பு பிடிக்கிறவர். இவன் தின்பதோ பொரித்த கறையான். வகுப்பில் யாரும் அவனோடு ஒட்டுவதில்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வருகிறது. எல்லாரும் பதற, காளி அதைப் பிடிக்கிறான். அதன்பிறகு அவனைக் கொண்டாடுகிறார்கள்.

கறையான் தின்னும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் முதலில் "ச்சீ" என்பார்கள். விளக்கம் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்தால், "ஐப்பசி மழைக்கு எங்க ஆச்சி ஈசல் பிடிச்சு அரிசியோட வறுப்பா" என்று ஒரு குரல் வரும். உடனே இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் ஈசல் வறுபடும். அதற்குப் பிறகு காளி அவர்களுக்கு அயலான் இல்லை.

கதை முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "பாம்பே வரலைன்னா, அந்தப் பயலுவ அவன எப்பம்க்கா சேத்துக்கிடுவானுவ?" அவள் ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுப் பிள்ளை. ஆட்டு மொச்சை அடிக்கிறது என்று மற்றவர்கள் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்பார்கள்.

இந்த மாதிரிக் கதைகள் பலவற்றிலும் இதுதான் சிக்கல். வித்தியாசமான பிள்ளை, ஊருக்கு உதவி செய்த பிறகுதான் ஏற்கப்படுகிறது. அதனால் இப்போதெல்லாம் சாரை வருவதற்கு முன்பே புத்தகத்தை மூடிவிடுகிறேன். "இன்னைக்குப் பாம்பு வரல. காளி தனியா உக்காந்திருக்கான். நீ என்ன செய்வே?" அன்றைய வகுப்பு அவ்வளவுதான். மீதிக்கதை மறுநாள்.

அந்தப் பிள்ளைக்கு ஆட்டு நோயும் தெரியும், எங்கள் ஊர்ச் சரணாலயத்துப் புள்ளிமான் எந்தப் பக்கம் தண்ணீருக்கு இறங்கும் என்பதும் தெரியும். எழுப்பி நிறுத்திச் சொல்லவைத்துக் கைதட்டலாம் என்று மனம் பரபரக்கும். செய்யாதீர்கள். ஒன்றும் நிரூபிக்காமலே உட்கார அவளுக்கு இடம் வேண்டும். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, தினமும் இடம் மாற்றுகிறேன். அவளாக விரும்பினால் மான் கதை சொல்வாள்.

இருளர்களைப் பற்றிய செய்திகளைக் கதைக்குப் பிறகே சொல்லுங்கள். முன்பே சொன்னால் காளி பாடமாகிவிடுவான். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். கூடவே, வீட்டில் பாம்பைக் கண்டால் கிட்டே போகாமல் தீயணைப்புத் துறையின் 101-க்குப் போன் போட வேண்டும் என்றும் அழுத்திச் சொல்லுங்கள்; காளியைப் பார்த்துக் கைவைக்கத் துணிகிறவர்கள் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்கள்.